ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் நலம். கிரேனில் உட்கார்ந்தே வரவழைத்துக்கொண்ட முதுகுவலி குறைந்ததா? போனில் பேசினால் அத்தை காதில் விழும். அதனால்தான் கடிதம்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போகும்போது கையைப் பிடித்து, "ஊசி முறையிலயே பண்ணச் சொல்லும்மா. என் பையன்கிட்டதானே குறை" என்றார். நானும் வெட்கமில்லாமல் அப்படியே கேட்டேன்.

டாக்டரம்மா உங்கள் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். ஆணுக்கு உயிரணு குறைவாக இருந்தாலோ, முன்பு ஒருமுறை கரு உருவாகாமல் போயிருந்தாலோதான் ஒவ்வொரு கருமுட்டைக்குள்ளும் ஊசியால் உயிரணுவைச் செலுத்துவார்களாம். "உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் நல்லா இருக்கு. ரெண்டையும் ஒரே தட்டுல சேர்த்து வச்சாலே போதும். உங்களுக்குக் கிடைக்கப்போறதே நாலைஞ்சு முட்டை. ஊசி குத்தி அதுல ஒண்ணு ரெண்டு கெட்டுப்போனா?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஊசி வேண்டாம் என்றால் அத்தை ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, பிறக்கப்போகும் பிள்ளையையே பணயம் வைக்கப் பார்த்தேன். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

என் குறையை உங்களுடையது என்று அத்தையிடம் நீங்கள் முந்திக்கொண்டு சொன்ன அன்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அத்தை அன்றிலிருந்து என்னிடம் கடன்பட்டவர் மாதிரி நடக்கிறார். வேலை முடிந்து வந்தால் வெந்நீர் வைத்துத் தருகிறார், கால் பிடித்துவிடுகிறார். "என் மகனால உனக்கு எவ்வளவு கஷ்டம்" என்கிறார். நானும் மகாராணி போலக் காலை நீட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் போன் வந்தால் நலம் விசாரித்த கையோடு என்னிடம் கொடுத்துவிடுகிறார், கவனித்தீர்களா?

அடுத்த மாதம் நீங்கள் வந்ததும் சிகிச்சை ஆரம்பம். ஊசி வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். தடுக்காதீர்கள். திட்டினால் வாங்கிக்கொள்வேன். திட்டாமல் மறுபடியும் என் காலைப் பிடித்துவிட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த வார ஞாயிற்றுக்கிழமை போன் போடுங்கள், அதற்குள் சொல்லியிருப்பேன். என்னைக் கேட்காதீர்கள், உங்கள் அம்மாவிடம் பேசுங்கள். உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத நாட்களுக்கெல்லாம் சேர்த்து அழுவார். அழட்டும், பாதியில் போனை வைத்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒன்றில் மட்டும் வாய் திறக்காதிருந்த,
உங்கள் வாயாடி