பாதாளத்தில் ஒரு பல் டாக்டர்

அன்புள்ள கோபக்காரிக்கு,

நான் நலம். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே.

உலக நாடுகளின் மரணக் கதைகளை மொழிபெயர்க்கிறேன் அல்லவா, நேற்று அகராதியை எடுக்க ஸ்டூலில் ஏறியவன் சறுக்கி விழுந்துவிட்டேன். கண் திறந்தால் ஒரு நாய் என் முகத்தை நக்குகிறது. கிரேக்கர்களின் பாதாள வாசலைக் காக்கும் நாய்க்கு மூன்று தலை. இதற்கு ஒன்றுதான் தெரிந்தது. மற்ற இரண்டும் பின்னால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் குனிந்து, "சார், நான் யாருன்னு தெரியுதா?" என்றார்.

"எமன்."

"இல்ல சார், மாடியில இருக்கற பல் டாக்டர். இது என் நாய்."

அதற்கு முன்பே மயக்கத்தில் உளறியிருக்கிறேன். எகிப்துக் கதையில் செத்தவனின் இதயத்தைத் தராசில் வைத்து, ஓர் இறகோடு எடை பார்ப்பார்கள். "தாராளமா எடை போட்டுக்குங்க, ஆனா சாட்சிக்கு என் வீட்டுக்காரியக் கூப்பிட்டுடாதீங்க" என்று கெஞ்சினேனாம்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவங்க எங்க சார்?" என்றார். "அக்கா வீட்டுல" என்றேன். தலையில் தையல் மூன்றுதான். சாப்பாடு டாக்டர் வீட்டிலிருந்து வருகிறது. மெல்லவே வேண்டாம், அவ்வளவு குழைவு.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். கிரேக்கக் கதை ஒன்றில், செத்த மனைவியை மீட்கப் பாதாளம் போனவனுக்கு ஒரு நிபந்தனை, திரும்பும் வழியில் பின்னால் வரும் அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் பார்த்தான், அவள் போய்விட்டாள். உன் அக்கா வீட்டைப் பாதாளம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஏதும் நிபந்தனை போட்டுவிடாதே. வீடு வந்து சேரும்வரை நான் திரும்பித் திரும்பித்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடு இருக்கும் உன் வீட்டுக்காரன்