எந்த ஊர் என்று கேட்டார்கள்

அக்கா,

இன்று காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காற்று மேற்கிலிருந்து திரும்பியது. அந்த வாடை மூக்கில் ஏறியது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினால் வருமே, அதைவிடக் கொஞ்சம் காரமாக. ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்தினேன். போனை எடுத்து உங்கள் பெயரைத் தேடினேன். விரல் அந்தப் பெயர்மேல் நின்ற பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. கொஞ்ச நேரத்தில் வாடை போய்விட்டது. எங்கேயோ தொட்டி கழுவியிருப்பார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு மட்டும் ஜன்னலைத் திறக்க மனம் வரவில்லை. போனில் சொல்ல முடியாததை எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சிப்காட்டில் ஒரே கம்பெனியில்தான் நாம் இருந்தோம். நான் பேக்கிங்கில், நீங்கள் முதலுதவி அறையில் நர்ஸ். பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவீர்கள். வந்ததும் புர்காவை ஆணியில் மாட்டிவிட்டு, தலைத்துணியோடு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொள்வீர்கள். சாக்கு தைக்கும் மெஷினில் என் விரல் மாட்டியதுதான் நம் பழக்கத்துக்கு ஆரம்பம். அதற்குமுன் உங்கள் ஆட்கள் யாரோடும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. டப்பாவைத் திறந்து, “ஆணம் போடவா?” என்றீர்கள்.

“ஆணம்னா என்னாக்கா?”

“எங்க ஊட்ல குழம்புக்கு அதான் பேரு. சாப்ட்டுப் பாரு, அப்பறம் கேளு.”

மீனவர் வீட்டுப் பெண்ணான என்னிடமே, சங்கரா மீனை இப்படியும் வைக்கலாம் என்று காட்டிவிட்டீர்கள்.

வடக்கிலிருந்து வந்த பையன்களுக்கும் உங்கள் அறைதான் புகலிடம். கல்யாணமான புதிதில் கணவரோடு பம்பாயில் இருந்ததால் உங்களுக்கு இந்தி வரும். தலைவலி என்று வந்து, ஊர்க்கதை பேசிவிட்டு, மாத்திரை வாங்காமலே போவார்கள்.

அந்த நாளைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே சைரன் அடித்தது. மஞ்சளாக ஏதோ வாயு, இதே வாடையோடு, தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. ஈரத்துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு எல்லோரும் கேட்டுக்கு வெளியே ஓடினோம். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதற்குள் அங்கே கூடிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருமி வாந்தியெடுத்திருந்தன. என் அண்ணனும் மகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, எங்கள் குப்பத்து ஆட்களோடு வந்து நின்றான். வடக்கத்திக்காரன் எவனோ வால்வைத் திறந்துவிட்டான் என்று போனுக்குப் போன் செய்தி பறந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த வடக்கத்திப் பையன்களில் ஒருவன், ஒடிசாக்காரன், திரும்ப உள்ளே ஓடப் பார்த்தான். வாட்ச்மேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவன் திமிறிக்கொண்டு ஒரே சொல்லைக் கத்தினான்: “பாய்! பாய்!”

“பாயா? எந்த பாய்டா?” என்றது ஒரு குரல்.

“பாய்தான் பண்ணான்னு சொல்றான் பாரு!” என்றது இன்னொன்று.

அதற்குள் நீங்கள் அவன் தோளைப் பிடித்து இந்தியில் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். கூட்டம் உங்களைப் பார்த்தது. உங்கள் தலைத்துணியைப் பார்த்தது. எங்கள் தெரு மாமா ஒருவர் முன்னால் வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“யாரும்மா நீ? எந்த ஊரு?”

“பரங்கிப்பேட்டை.”

“பரங்கிப்பேட்டைல இந்தியிலயா பேசுறாங்க?”

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். வந்தது இந்திதான். ஒரு முழு வாக்கியம். சொல்லி முடித்த பிறகுதான் உங்களுக்கே அது தெரிந்தது. உங்கள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். கூட்டம் ஒரு அடி நெருங்கியது. என் அண்ணன்கூட நெருங்கினான்.

நான் உங்கள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். “மாமா, கைய உடு. இவங்க எங்க நர்சக்கா.”

“நீ அந்தாண்ட போ.”

“போவ மாட்டேன் மாமா.” குரல் எனக்கே கேட்கவில்லை.

நீங்கள் என் காதருகே குனிந்தீர்கள். மூச்சு மட்டுமே வந்த ஒரு குரலில், தமிழில் சொன்னீர்கள்: “பாய்னா அண்ணன்டி. அவன் அண்ணன் உள்ளார இருக்கான். பாத்ரூம்ல.”

அதை நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். “அவன் கூடப்பொறந்தவன் உள்ள மாட்டிக்கினு இருக்கான்! பாத்ரூம்ல! அவன் அண்ணன கூப்புடுறான்!” கேட்டதும் என் அண்ணன்தான் முதலில் திரும்பித் தீயணைப்பு வண்டிப் பக்கம் ஓடினான். முகமூடி போட்ட இருவர் உள்ளே போனார்கள். அவனைத் தூக்கி வந்தபோது கை தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மார்பு ஏறி இறங்கியது. பிழைத்துக்கொண்டான். மாமா எப்போது உங்கள் கையை விட்டார் என்று தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனார்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு, சிதம்பரத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டீர்கள். உங்களைப் பார்க்க வந்த ஒரு நாள், காய் வாங்கிக்கொண்டு மேல வீதியில் நடந்துவந்தோம். உங்கள் போன் அடித்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு எடுத்து, “ஹலோ” என்றீர்கள். எத்தனை வருடமாக உங்களைத் தெரியும்! ஸலாம் சொல்லாமல் நீங்கள் போன் பேசி நான் கேட்டதில்லை.

“யாருக்கா பயப்படுறீங்க? இது உங்க ஊருக்கா.”

“எனக்குத் தெரியும். அவுங்களுக்குத் தெரியணுமே.” காய்ப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டீர்கள். “அன்னைக்கு வாயத் தெறந்தா தமிழ் வரலயேடி. பொறந்ததுலருந்து பேசுன பேச்சு. பம்பாயிலகூட கனா கண்டா தமிழ்லதான் காணுவேன். அதுவே என்ன உட்டுட்டுப் போயிடுச்சு. இன்னொரு தடவ அப்புடி ஆச்சுன்னா? அவுங்கள நெனச்சுகூட இல்ல, என் வாய நெனச்சாதான் ஜாஸ்தி பயமா இருக்கு.”

என் பயம் வேறு மாதிரி, அக்கா. அந்த மாமாவை நான் நன்றாக அறிவேன். அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது கரையில் எங்களைக் கட்டிப்பிடித்து அழுதவர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முதல் ஆளாக வந்து நிற்பவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. இப்போதும் எங்கள் தெருவில் நாலுபேர் கூடி ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்தி என்று நின்று எட்டிப் பார்க்கிறேன்.

நெஞ்சுவலி வந்து ஒரு மாலைக்குள் நீங்கள் போய்விட்டதாக உங்கள் மகள் சொன்னாள். உங்களைக் கொண்டுவந்திருந்த பரங்கிப்பேட்டை வீட்டில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அழலாமா, எங்கே உட்கார வேண்டும், எதுவும் தெரியாமல் வாசலிலேயே நின்றேன். உங்கள் மகள் எழுந்துவந்து என் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். யாரென்று ஒரு அம்மா கேட்டதற்கு, “உம்மாவோட தங்கச்சி” என்றாள். அந்த அம்மா நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை.

போன வாரம் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போனேன். சிப்காட் நிறுத்தத்தில் ஒரு வடக்கத்திப் பையன் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் சத்தமாகப் பேசத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துப் பேசினான். முன் சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மறுபடி திரும்பினார். மூன்றாவது முறை முழு உடம்போடும் திரும்பினார். பக்கத்தில் இருந்தவரும் திரும்பினார்.

எழுந்துபோய் அந்தப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்கள் சீட்டு காலியாக இருக்கும்போது இவள் ஏன் அங்கே உட்காருகிறாள் என்பதுபோல் கண்டக்டர் பார்த்தார். பையன் திகைத்துப் பேச்சை நிறுத்தினான். பேசுப்பா என்று கையைக் காட்டினேன். அவன் தயங்கி, பிறகு பேசினான். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. சிதம்பரம் வரும்வரை எழுந்திருக்கவில்லை.