ஒன்றுக்கு இரண்டு

மார்ச் 3

அண்ணன் இன்று சிரித்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.

எங்கள் பக்கவாத ஆய்வில் சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்பது விதி. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவனை ஆய்வகத்துக்குக் கூட்டி வந்து, கண்ணை மூடும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். உள்ளே நான் கட்டிய முப்பரிமாண அறை: அலமாரி, கோப்பைகள், ஜன்னலில் வெயில். பக்கவாதம் தாக்கிய இடது கையைத் தூக்கச் சொன்னேன். மேஜையிலிருந்து நிஜக்கை நான்கு விரற்கடை எழுந்தது. உள்ளே அவன் பார்த்த கை அதைப்போல் இருமடங்கு எழுந்து கோப்பையைத் தொட்டது. கண் நம்பினால் மூளை முயலும், மூளை முயன்றால் கை வரும் — எங்கள் ஆய்வே இதுதான். வாராவாரம் பெருக்கத்தைக் குறைத்து, கடைசியில் ஒன்றுக்கு ஒன்றாக்க வேண்டும். அதுவரை நோயாளிகளிடம் சொல்லக்கூடாது.

"ஏய் விஞ்ஞானி, கை வேலை செய்யுதுடி!"

மார்ச் 10

ஒன்றரைக்குக் குறைத்தேன். கோப்பை எட்டவில்லை. "போன வாரம் இருந்த கை எங்கடி போச்சு?" அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடி இரண்டாக்கினேன். ஒரு வாரம்தானே.

மார்ச் 17

இரண்டு.

வீட்டில் கை அசைவதே இல்லையாம். அதற்கும் அவனிடம் பதில் இருக்கிறது. "வீட்ல சோம்பேறி. வேலைன்னு வந்தா எழுந்துக்கும், என்னை மாதிரியே." அண்ணிகூடச் சிரித்துவிட்டார்.

மார்ச் 24

இரண்டு.

ஆய்வகத்தில் அண்ணன் வருவது தெரிந்த ஒரே ஆளான பிசியோதெரபி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னும் குறைக்கலையா நீ? பாதி தூக்கினாலே கோப்பை கிடைக்குதுன்னா, மூளை எதுக்கும்மா மீதிக்குப் பாடுபடணும்?" குறைக்கிறேன் என்றேன்.

மாதக் கடைசியில் டிப்போவில் பரிசோதனை. தேறாவிட்டால் அவன் இனி பஸ் ஓட்ட முடியாது. இந்த நேரத்தில் போய் அவன் நம்பிக்கையில் மண் அள்ளிப் போடவா? — அவனுக்காகவா இப்படி யோசிக்கிறேன், அந்தச் சிரிப்புக்காகவா?

மார்ச் 28

அண்ணி போனில் அழுதார். அண்ணன் காலையில் டிப்போவுக்குப் போயிருக்கிறான். கூட வேலை பார்த்த மெக்கானிக்கைக் கெஞ்சிச் சாவி வாங்கி, உள்ளேயே ஒரு ரவுண்டு அடிக்கப் பார்த்திருக்கிறான். வளைவில் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவிவிட்டது. பஸ் கழுவுமிடத்துச் சுவர் இடிந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

"பரிசோதனைக்கு முன்னாடியே ஓட்டிக் காட்டி, உன்னை அசத்தணும்னு போனாராம்மா."

ஐயோ. என்ன பண்ணிட்டேன் நான்.

மார்ச் 29

எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அப்ப அந்தக் கோப்பைய நான் எடுக்கவே இல்லையா?"

"பாதி தூரம் நீதாண்ணா."

என்ன பதில் இது! அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 2

டிப்போவில் அண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மெக்கானிக்கையும் அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 9

அண்ணன் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 20

சாப்பாட்டு நேரத்தில் ஆய்வக வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனாகவே வந்திருக்கிறான். இளைத்துவிட்டான். "மாட்டு" என்றான்.

இந்தத் தடவை ஒன்றுக்கு ஒன்று வைத்தேன். கை மேஜையை விட்டு லேசாக எழுந்து விழுந்தது. உள்ளேயும் அவ்வளவுதான்.

"மெஷின் கெட்டுப்போச்சு. சரி பண்ணு."

"அண்ணா, இதுதான் நிஜம். இப்படியே பழகினாத்தான் —"

"எனக்குத் தெரியும்டி. சரி பண்ணு."

இரண்டாக்கினேன். பிசியோ அக்காவின் குரல் காதிலேயே இருந்தது. அவன் மறுபடி தூக்கினான். இப்போது நிஜக்கை இரண்டு விரற்கடைக்கு மேல் எழுவதில்லை. கோப்பை எட்டவில்லை. ஹெட்செட்டைக் கழற்றாமல் காத்திருந்தான்.

மூன்றாக்கினேன். போதவில்லை. நான்காக்கினேன்.

அண்ணன் சிரித்தான்.