கடைசி இரண்டு முடிச்சுகள்

மகனுக்கு,

சென்ற வாரம் நீ பேசியபோது தொலைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. "அம்மாவுக்குத்தான் வலது கை வரலையே, எதுக்குப்பா இந்தக் கூத்து? பாப்பாவுக்குத் தலையணை கடையில வாங்கிக்கறேன்" என்றாய். உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தலையணைக்கு ஊசியே வேண்டாம் என்பதைத் தெரிந்துகொள். இரண்டு கம்பளித் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களை விரலகல நாடாக்களாக நான் நறுக்கினேன். மேல் நாடாவையும் கீழ் நாடாவையும் சேர்த்து முடிச்சிட்டவள் அவள். ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு நுனியை இடது கையால் இழுத்தாள். நாற்பத்தாறு முடிச்சுகளுக்குப் பதினோரு நாட்கள் ஆயின. பஞ்சையும் அவளே திணித்தாள்.

நீ பேசி வைத்தபின், மிச்சமிருந்த இரண்டு முடிச்சுகளை அவள் போடவில்லை.

"அவனே வந்து போடட்டுங்க. ஷூ லேஸ் கட்டக் கத்துக்குடுத்தவளே நான்தானே, மறந்தா போயிருப்பான்?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவற்றை ஒரு நிமிடத்தில் என்னால் போட்டுவிட முடியும். போட மாட்டேன். தினமும் காலையில் அந்த இடைவெளி வழியே பஞ்சு பிதுங்கி வெளியே வருகிறது. அவள் எழுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறேன். இதை எத்தனை நாள் செய்வேன் என்று உறுதி கூற இயலாது.

இப்படிக்கு,
அவள் கணவன்