நாலு கதவு கெஸல்

9-6-97, திங்கள்
என் வீட்டுக்காரர் இன்றும் கஞ்சியைத் துப்பிவிட்டார். என் முகத்திலேயே. பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலது கை விழுந்தது, பேச்சு போனது, எல்லாம் பொறுத்துக்கொண்டேன். இப்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு பிடிவாதம். "முழுங்க முடியுது, முழுங்க மாட்டேன்றாரு. இப்டியே போனா மூக்குல டியூப் போட்டுதாம்மா ஆவணும்" என்கிறார் டாக்டர். இவர் அதைப் பிடுங்கி எறிவார். கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். வார்டில் ஒருவரை அப்படிக் கட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இவருக்கு அது வேண்டாம், தாயே.

12-6-97
வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். ராட்டினங்கிணறு பக்கமிருந்து பழைய கெஸல் கார் ஒன்று புகை கக்கிக்கொண்டு போனது. தலையைத் திருப்பிப் பார்த்தார்! வண்டலூர் கம்பெனியில் அந்த வண்டிக்குக் கதவு மாட்டியவர் அல்லவா. கட்டின பொண்டாட்டி கத்தி கூப்பிட்டா திரும்பல, ஓட்டக் காருக்குத் திரும்புது. இருக்கட்டும். திரும்பியதே போதும்.

யார் வண்டி என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

14-6-97
கையில் ஒரு கெஸல் பொம்மையைக் கொடுத்தால் வாயைத் திறப்பாரோ என்று கடை கடையாக ஏறினேன். அம்பாசடர் இருக்கிறது, மாருதி இருக்கிறது. கெஸலா, அது இன்னாம்மா என்கிறான் கடைக்காரன். லண்டனில் இருக்கும் அக்கா பையன் ஹரிசங்கருக்குப் போன் போட்டேன். அந்தக் கார் நம் ஊரில் மட்டும்தான் செய்தார்களாம், அதற்குப் பொம்மையே கிடையாதாம். அதன் அண்ணன் ஹெரால்டு காருக்கு உண்டாம்; இரண்டு கதவு, நாமே ஒட்டிச் செய்கிற மாதிரி துண்டு துண்டாகப் பெட்டியில் வருமாம். இரண்டு பெட்டி அனுப்புகிறானாம். "நீங்கதான் டெய்லராச்சே சித்தி, வெட்டி ஒட்டி நாலு கதவாக்கிடுங்க." சொல்வதற்கு என்ன.

22-6-97, ஞாயிறு
நேற்று கூரியரில் பெட்டிகள் வந்துவிட்டன. உள்ளங்கை நீளம்தான் கார். மகாபலிபுரத்தில் கெஸல்மேல் கைவைத்து இவர் நிற்கும் போட்டோவைப் பார்த்துக் காகிதத்தில் அளவு வெட்டினேன். பின்கதவுக்கு இரண்டாவது பெட்டியில் இருக்கும் காரை அறுக்க வேண்டும். இவர் இன்று குடித்தது அரை டம்ளர் மோர்.

வியாழக்கிழமை டியூப் என்று சொல்லிவிட்டார்கள்.

25-6-97
எல்லாம் போச்சு.

ஒட்டி முடித்து நிமிர்ந்தேன். மீன் கொண்டுவந்த ஆராயி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பஸ்ஸு செஞ்சிகினு கீற?" என்றாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. தையலுக்குத் துணி விடுகிற மாதிரி ஒவ்வொரு ஓரத்திலும் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறேன். மடிச்சுத் தைக்க இது ரவிக்கைத் துணியாடி, அறிவு கெட்டவளே? இரண்டு பெட்டியும் பாழ். நாளைக்கு ஆஸ்பத்திரி. நான் என்ன செய்வேன்? யாரிடம் போய் அழுவேன்?

26-6-97, வியாழன்
ஆட்டோ வரச் சொல்லியாகிவிட்டது. ஆத்திரத்தில் அந்த நீட்டுக் காரை இவர் மடியில் போட்டேன். "இந்தாங்க உங்க கெஸலு. இதுக்கும் வாயத் தொறக்கலன்னா டியூப்தான். என்னால முடியலங்க" என்று அழுதேன்.

இடது கையால் தடவினார். பின்கதவில் விரல் நின்றது. நகத்தால் சுரண்டினார்.

"தப்பு."

தெளிவாகச் சொன்னார். "தப்புதாங்க. எப்டிங்க சரி பண்றது?" கையை நீட்டினார். உப்புத்தாளைக் கொடுத்தேன். காரை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். கஞ்சி ஸ்பூனைப் பயந்து பயந்து கிட்டே கொண்டுபோனேன். கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தார்.

ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்.

6-7-97, ஞாயிறு
வேறு வார்த்தை வரவில்லை. வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். நான் போட்டுவிடும் சட்டைக்குத் தப்பு, மின்விசிறி சத்தத்துக்குத் தப்பு, ஆராயிக்கும் ஒரு தப்பு. இன்று ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை முறைத்தார். தப்பாம். நக்கிப் பார்த்தேன். உப்பே போடவில்லை. போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கிண்ணத்தைக் காலிசெய்து திருப்பி நீட்டினார்.