சத்தம் வராத வீடியோ

மதினி,

உங்கள் பழைய பட்டன் போனின் பின்மூடியைக் கழற்றியதும் ஏலக்காய் வாசம் வந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உள்ளே மெமரி கார்டு. அதில் ஒரே ஒரு வீடியோ.

வருசத் திதிக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டலாம் என்று அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு வீடியோக் கடைக்குப் போனார். படம் ஓடியது, சத்தம் இல்லை. "இது பழைய போனோட த்ரீஜீபி ஃபைலுண்ணே. இதுக்கு இப்ப சத்தம் வராது. எம்பி ஃபோரா மாத்தி மேல ஒரு சோகப் பாட்டப் போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். அண்ணன் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் எடுத்த படத்தில் உங்கள் குரலுக்குப் பதில் வேறு யாரோ அழுது பாடுவதா? கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணன் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மகளின் லேப்டாப்பில் நானே உட்கார்ந்தேன். முதலில் ஒரு கூத்து செய்தேன். ஃபைல் பெயரின் வாலை அழித்துவிட்டு எம்பி ஃபோர் என்று எழுதினேன். அப்போதும் ஊமைதான். எஸ்டேட்டில் போன வருசத்து ஏலக்காயைப் புதுச் சாக்கில் கட்டச் சொன்ன சூப்பர்வைசரிடம் நீங்கள் கேட்டது நினைவுக்கு வந்தது. "சாக்க மாத்துனா சரக்கு மாறிருமாண்ணே?" தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சரக்கு அப்படியே இருக்கட்டும், அதைப் பிரிக்கத் தெரிந்த பிளேயரைத் தேடுவோம் என்று இறங்கினேன். ஒன்று திறந்ததுமே விளம்பரமாகக் கொட்டியது. பளபளவென்று இருந்த இன்னொன்று உங்கள் ஃபைலைக் கண்டதும் கைவிரித்தது. மூன்றாவது சின்னது, இலவசம், அலங்காரம் ஒன்றும் கிடையாது. பழைய போன்களின் சத்தத்தைப் படிக்கும் வித்தை அதற்குள்ளேயே இருந்தது. வீடியோவை இழுத்து அதில் போட்டேன்.

போடிமெட்டு வளைவில் நிற்கிற ஜீப். உள்ளே எஸ்டேட் வேலைக்குப் போகிற பதினெட்டுப் பேர், பின்படியில் தொங்குகிற நான். சூப்பர்வைசரின் உள்ளங்கை படத்தை மறைக்கிறது.

"யாரக் கேட்டு படம் எடுக்குற? அழி."

"அழிக்க மாட்டேன். இம்புட்டுப் பேர அடைச்சுக் கொண்டுபோறீகளே, உருண்டா யாரு பதில் சொல்லுவா?"

"நாளைக்குச் சோலிக்கு வராத."

"வர்றேன். இன்னொரு ஜீப்பு விடுங்க, வர்றேன்."

மறுவாரம் இரண்டாவது ஜீப் வந்ததும், முதல்முறையாக நான் உட்கார்ந்து மலையேறியதும் உங்களுக்குத் தெரியும். அந்தக் குரலைத்தான் பாட்டுப் போட்டு மூடப் பார்த்தார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "நாலு சனம் வர்ற எடத்துல சண்டையவா போடுறது? அத மட்டும் வெட்டிரு ஆத்தா."

"வெட்ட மாட்டேண்ணே" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், அது உங்களிடமிருந்து எனக்கு வந்த பேச்சு. எனக்கு அது போதும் மதினி.

திதியன்று முழுச் சத்தத்தில் ஓடும். சூப்பர்வைசரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன்.