மூன்று வருட அனுபவம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

மின்சாரத்தை மொத்தமாக வாங்கி விற்க எங்கள் கம்பெனி உரிமம் கேட்டிருந்தது அல்லவா, நேற்று அதற்கு விசாரணை. இந்தத் துறையில் பத்து வருடம் வேலை பார்த்த ஒருவராவது கம்பெனியில் இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். விண்ணப்பத்தில் எனக்குப் பத்து வருட அனுபவம் என்று முதலாளி எழுதியிருந்தது அங்கேதான் தெரிந்தது. அதிகாரி என்னிடமே, "பத்து வருஷமாம்மா?" என்றார்.

"இல்ல சார், மூணுதான்" என்று சொல்லிவிட்டேன்.

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்று ஆபீஸில் எல்லோருக்கும் டீ வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. மறந்திருப்பார்கள், நீங்கள் கவலைப்படாதீர்கள்.

பீரோவில் இருக்கும் என் சான்றிதழ்களை உடனே அனுப்புங்கள். அம்மா கேட்டால் சும்மாதான் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலாளி இப்போதுதான் கூப்பிடுகிறார். முடிக்கிறேன்.

உங்கள் சின்னவள்